ஆகாய மார்க்கமும் திருச்சிராப்பள்ளியும்

ஸ்ரீரங்கத்தில் பங்குனி மாதம் நடைபெறும் ஆதி பிரம்மோத்ஸவத்தின் மூன்றாம் திருநாளன்று நம்பெருமாள் காவிரியைக் கடந்து மேற்கே ஜீயபுரத்துக்கு எழுந்தருளுவது நெடுங்காலமாக வழங்கிவரும் ஆசாரம். ஆற்றங்கரைக்குச் சவரம் செய்துகொள்ளப் போன பேரன் வெள்ளத்தில் அகப்பட்டுக்கொள்ள, அவனை எதிர்பார்த்து "ரங்கா, ரங்கா" என்று அரற்றிய பாட்டிக்குப் பேரன் வடிவில் ரங்கனே வந்து நின்று, அவள் வைத்திருந்த பழைய சாதத்தையும் மாவடுவையும் அமுது செய்தான் என்பது அந்த ஊரின் ஐதிகம். அன்றைய நிவேதனத்திலும் பழைய சாதமும் மாவடுவும் இன்றளவும் இடம் பெறுகின்றன. போனவன் திரும்பி வரவேண்டுமே என்று வாசலில் நின்று தவிக்கும் இந்தக் கதை, பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் இந்த ஜில்லாவுக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆயினும் இக்கட்டுரைக்கு அந்த உத்ஸவத்தில் வேறொரு விஷயமே முக்கியம். பெருமாளைத் தோளில் ஏந்திவரும் ஸ்ரீபாதம் தாங்குவோரின் நடையைக் கவனித்தவர்கள், சுமப்பவருக்கு வேண்டியது எவ்வளவு தூரம் நடந்த பின்பும் தோளில் எஞ்சியிருக்கும் பலம் என்பதையும், எழுந்தருளுகிறவருக்கு வேண்டியது அலுங்காத நடை என்பதையும், இவ்விரண்டும் ஒரே குணத்தின் இரண்டு முகங்கள் என்பதையும் தாமே உணர்ந்திருப்பார்கள். ஆகாய விமானங்களில் விமானிகள் எதைப் பெரிதாக மதிக்கிறார்கள், பிரயாணிகள் எதைப் பெரிதாக மதிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனால், தொண்ணூறு வருஷ காலச் சரித்திரம் முழுவதிலும் இதே இரண்டு முகங்களைத்தான் காண்கிறோம்.

திருச்சிராப்பள்ளி பிரயாணத்தினால் வளர்ந்த ஊர். தென்னிந்திய ரயில்வேயின் தலைமைக் காரியாலயம் இங்கே இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே தொழிற்சாலை 1928-ஆம் வருஷம் பொன்மலைக்கு மாற்றப்பட்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருச்சி வழியாகத் தனுஷ்கோடி சென்று, அங்கே ஜனங்களைக் கப்பலேற்றித் தலைமன்னாரில் இறக்கிவிட்ட போட் மெயில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொழும்பு வியாபாரத்துக்கும் இந்தப் பிரதேசத்திலிருந்து போனவர்களுக்கு ராஜபாட்டையாக விளங்கியது. 1964 டிசம்பரில் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தப் பாட்டையும் அறுபட்டது. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சபுர், அதாவது கடல் கடந்த பிழைப்புப் பிரயாணம், போனவர்கள் நாகப்பட்டினத்துக்கு ரயிலேறி அங்கே கப்பல் பிடித்தார்கள். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அந்தக் கடலில் போய்வந்தது. மேல்தட்டில் பாயை விரித்து, கட்டுச்சாதம் தீர்ந்தபின் கப்பல் சாப்பாட்டை உண்டு, பினாங்கைக் காணும்வரை நாட்களை எண்ணிக் கொண்டிருந்த அந்த ஏழைப் பிரயாணிகளுக்குச் சௌகரியம் என்பது கால் நீட்டப் படுக்க இடம் என்ற ஒன்றுதான். அவர்களுடைய பேரன்மார் இன்று விமானத்தில் முதலில் விசாரிப்பதும் காலை நீட்ட இடம் உண்டா என்பதையே.

ஆகாய மார்க்கத்தின் கதை 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி ஆரம்பமாகிறது. அன்று ஜே.ஆர்.டி. டாட்டா, பஸ் மாத் என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தில், லண்டனிலிருந்து வந்த தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து இறங்கினார். அங்கிருந்து அவருடைய சகாவான நெவில் வின்சென்ட் அவற்றைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஆள், எண்ணெய், தபால் எல்லாம் சேர்ந்தும் ஒரு டன் எடைகூட எட்டாத அந்தச் சிறு யந்திரத்தில் ரேடியோ கிடையாது; கீழே தெரியும் ஆறும் ரயில் பாதையும் கடற்கரையுமே வழிகாட்டிகள். முதல் வருஷத்தில் அந்தக் கம்பெனி சுமார் 1,60,000 மைல் பறந்து ஏற்றிச் சென்ற பிரயாணிகள் 155 பேர். மனிதன் தபாலுக்குத் துணையாகப் போன காலம் அது. அவனுடைய சௌகரியத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 1938-இல், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத் தபால்களை விமானத்தில் அனுப்பும் ஏற்பாடு வந்தபோது, டாட்டாவின் மார்க்கம் கராச்சியிலிருந்து பம்பாய், ஹைதராபாத், சென்னை, திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. ஆகவே, மலைக்கோட்டையின் உச்சியிலிருந்து பார்த்தால் தெற்கே தெரியும் விமான நிலையத்துச் செம்மண் வெளி, உலக வரைபடத்தில் இடம் பெற்று எண்பது வருஷங்களுக்கு மேலாகிறது.

யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை அந்த நிலையத்தை உபயோகித்தது. யுத்தம் ஓய்ந்ததும் மலிந்து கிடந்த டக்கோட்டா விமானங்களே சிவில் பிரயாணத்துக்கு வாகனமாயின. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோன் கம்பெனி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதல் டக்கோட்டாவை அனுப்பியது. பிற்பாடு யாழ்ப்பாணத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே அக்கம்பெனியின் விமானங்கள் அண்டை வீட்டுக்குப் போய்வருவது போலப் போய்வந்தன. டக்கோட்டாவின் உள்ளே காற்றழுத்தம் ஏற்றும் வசதி கிடையாது. எனவே அது மேகங்களுக்கு மேலே ஏறித் தப்ப முடியாமல், மேகங்களுக்குள்ளேயே புகுந்து, தூக்கிப் போட்டும் தாழ இறக்கியும் பிரயாணியின் வயிற்றைக் கலக்கியது. காதில் பஞ்சு, வாயில் எலுமிச்சை மிட்டாய், மடியில் ஒரு காகிதப் பை என்பதே அந்நாளைய பிரயாணியின் கோலம். விமானிகளோ அதைத் தெய்வமாகக் கொண்டாடினார்கள். அவர்களுடைய காரணமும் நியாயமானதே: அது குறுகிய மண் ஓடுபாதையிலும் இறங்கும், மெதுவாகப் பறந்தாலும் விழாது, கை தெரியாமல் செய்த பிழையையும் பொறுத்துக்கொள்ளும். விமானியின் விருப்பமும் பிரயாணியின் விருப்பமும் இவ்வளவு தூரம் விலகி நின்ற விமானம் அதற்குப் பின் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த விலக்கத்தைக் குறைத்தது உயரம். 1948 ஜூன் 8-ஆம் தேதி இரவு பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்ஸெஸ்' என்ற கான்ஸ்டலேஷன் விமானத்தில் 35 பிரயாணிகள் இருந்தார்கள். நான்கு எஞ்சின்களும் அழுத்தக் காற்று நிரம்பிய அறையும் கொண்டு, இருபதாயிரம் அடி உயரத்தில் பெரும்பாலான மேகங்களை விட்டு விலகிப் பறந்த அந்த விமானத்தில்தான் இந்தியப் பிரயாணி முதன்முதலாக ஆகாயத்தில் நிம்மதியாகத் தூங்கினான். முன்னால் இருந்த சிறு அறையிலோ தூக்கத்துக்கு இடமில்லை: விமானிகளோடு, எஞ்சின்களின் நாடியைப் பார்த்துக்கொண்டு ஒரு எஞ்சினியர், நட்சத்திரங்களை அளந்து மார்க்கம் கணிக்க ஒருவர், ரேடியோவைக் கவனிக்க ஒருவர் என்று ஒரு சிறு கூட்டமே விழித்திருந்தது.

பிறகு ஜெட் வந்தது. 1952 மே 2-ஆம் தேதி பிரிட்டனின் காமெட் லண்டனிலிருந்து ஜோஹானஸ்பர்க்குக்குப் பிரயாணிகளோடு பறந்தபோது, நடுக்கமும் இரைச்சலும் இல்லாத அந்தப் பிரயாணத்தைக் கண்டு உலகம் பிரமித்தது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1953 மே 2-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து எழும்பிய ஒரு காமெட் புயல் மேகத்தில் சிதறி 43 பேர் மாண்டனர். 1954-இல் இத்தாலியை ஒட்டிய கடலில் இரண்டு காமெட்கள் அடுத்தடுத்து வீழ்ந்தன. பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் விமானத்தின் உடலையே பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறத்தலின்போது ஏறி இறங்கும் அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கிப் பரீட்சித்ததில், ஏறக்குறையச் சதுரமாக வெட்டப்பட்டிருந்த ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலைகளில் உலோகம் களைத்து வெடிப்பது தெரிய வந்தது. இன்று நாம் ஜன்னலோர இருக்கைக்காக ஆசைப்பட்டு அமர்ந்து, காவிரி ஒரு வெள்ளிக் கோடாய்க் கீழே மறைவதைப் பார்க்கும் அந்த ஜன்னல் முனை மழுங்கி உருண்டிருப்பது, அந்த உயிர்கள் கொடுத்த விலையினால். பிரயாணி அழகு என்று நினைக்கும் பல அம்சங்களுக்குள்ளே இப்படிப்பட்ட விசாரணை அறிக்கைகள் மறைந்திருக்கின்றன. அதை அறிந்து பிரயாணம் செய்வது பயத்தை வளர்க்காது, மரியாதையையே வளர்க்கும்.

ஏர் இந்தியா 1960-இல் போயிங் 707-ஐயும், 1971-இல் 'எம்பரர் அசோகா' என்று பெயரிட்ட 747-ஐயும் வாங்கியது; 747-இன் ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தானத்து அரண்மனைச் சாளரங்களைப் போல வளைவுகள் தீட்டப்பட்டிருந்தன. யந்திரங்களே மார்க்கம் கணித்தபடியால் நட்சத்திரம் அளந்தவர் இறங்கிப் போனார். பின்னாளில், 747-400 வந்தபோது, எஞ்சினியரும் இறங்கிப் போனார். இருவர் மட்டும் எஞ்சினர்.

இந்தக் காலத்தில் திருச்சியில் நிகழ்ந்த மாறுதல் கடலிலிருந்து வந்தது. ரஜூலாவுக்குப் பின் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'சிதம்பரம்' என்ற கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது. அத்துடன் அந்தக் கப்பல் மார்க்கமே நின்றுபோயிற்று. கடலை இழந்த ஜனங்கள் ஆகாயத்துக்கு வந்தார்கள். வளைகுடா நாடுகளின் வேலைவாய்ப்பும் சேர்ந்துகொண்டது. தஞ்சை, புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர், கரூர் ஜில்லாக்களிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் யாவரும் சேரும் இடமாகத் திருச்சி நிலையம் ஆகி, உள்நாட்டுப் பிரயாணிகளைக் காட்டிலும் வெளிநாட்டுப் பிரயாணிகளே அதிகமாகப் புழங்கும் விசேஷத்தையும் பெற்றது. 2012-இல் சர்வதேச நிலையம் என்ற அந்தஸ்து கிடைத்தது. 2024 ஜனவரி 2-ஆம் தேதி, ஸ்ரீரங்க கோபுரத்தை நினைவூட்டும் வேலைப்பாடுகளோடும் வர்ணங்களோடும் அமைந்த புதிய முனையம் பிரதம மந்திரியால் திறந்து வைக்கப்பட்டது. வருஷத்துக்கு 44 லட்சம் பேரைத் தாங்கும்படி 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டப்பட்டது அது.

இனி, நெடுந்தூர விமானங்களைப் பற்றிப் பேசலாம். திருச்சியிலிருந்து புறப்படுகிற பிரயாணி கோலாலம்பூருக்கோ கொழும்புக்கோ துபாய்க்கோ பெரும்பாலும் ஒற்றை நடைபாதையுள்ள சிறு விமானத்தில் போய், அங்கேதான் பெரிய விமானத்துக்கு மாறுகிறான். மாறிய அந்தக் கணத்தில் அவன் உணரும் வித்தியாசம் அலங்காரத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும் பழைய உலோக விமானங்களின் உள்ளே எட்டாயிரம் அடி உயரத்துக்குரிய அழுத்தத்தையே வைத்திருப்பார்கள். அதாவது உதகமண்டலத்துக்கும் மேலே ஒரு மலையுச்சியில் இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பதற்குச் சமானம். கரி இழைக் கலவையினால் உடல் அமைந்த போயிங் 787, 2011-இல் சேவைக்கு வந்தபோது அந்த உயரம் ஆறாயிரம் அடியாக, குன்னூரின் உயரமாக இறங்கியது. 2015-இல் வந்த ஏர்பஸ் ஏ350-உம் அவ்வாறே. உலோகத்தைப் போல இந்தக் கலவை துருப்பிடிப்பதில்லை. ஆகையால் உள்ளே ஈரத்தையும் சற்று அதிகமாக வைத்திருக்க முடிகிறது. காவிரிக் காற்றுக்குப் பழகியவர்கள் உதடு வெடித்து, தொண்டை வறண்டு, தலைவலியோடு இறங்கிய காலம் போய், வயோதிகர்கள்கூடப் பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பிரயாணத்துக்குப் பின் தெளிந்த முகத்தோடு இறங்கி வருகிறார்களென்றால், இருக்கையின் மெத்தையைவிட இந்தக் காற்றே காரணம்.

அடுத்தது மௌனம். 2007-இல் சிங்கப்பூர்க் கம்பெனி பறக்கவிட்ட இரண்டு மாடி ஏ380 விமானத்தைப் பிரயாணிகள் நேசித்ததைப் போல வேறெந்த விமானத்தையும் நேசித்ததில்லை. எஞ்சின் ஒலி அத்தனை தணிந்திருந்தபடியால், ஓய்வு அறையில் படுத்த விமானிகளுக்குப் பிரயாணிகளின் பேச்சும் குழந்தைகளின் அழுகையும் கேட்டுத் தூக்கம் கெட்டதாகவும் புகார் எழுந்தது. ஆயினும் அதை நிரப்பும் அளவுக்கு ஜனங்கள் எல்லா மார்க்கத்திலும் எல்லா நாளும் கிடைக்கவில்லை. 2021-இல் கடைசி விமானம் ஒப்படைக்கப்பட்டு உற்பத்தி நின்றது. பிரயாணிகளின் அன்பு ஒன்றே ஒரு விமானத்தைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இது அத்தாட்சி.

விமானிகளின் மதிப்பீடு வேறு பாதையில் செல்கிறது. முற்காலத்தில் இரட்டை எஞ்சின் விமானம் எந்த இடத்திலும் ஒரு விமான நிலையத்திலிருந்து அறுபது நிமிஷத் தொலைவுக்குள்ளேயே பறக்கவேண்டும் என்பது விதி. ஆதலால் சமுத்திரங்களைத் தாண்ட மூன்றோ நான்கோ எஞ்சின் வேண்டியிருந்தது. எஞ்சின்களின் மேல் நம்பிக்கை வளர வளர, 1985-இல் அந்த எல்லை 120 நிமிஷமாயிற்று; 1995-இல் சேவைக்கு வந்த போயிங் 777-க்கு 180 நிமிஷமாயிற்று; ஏ350-க்கு 370 நிமிஷம் வரை அனுமதி உண்டு. பாமரர்களாகிய நாம் நான்கு இருப்பதே க்ஷேமம் என்று எண்ணுவோம். விமானிகளின் அபிப்பிராயம் அப்படியில்லை. இரண்டில் ஒன்று நின்றுவிட்டாலும் மற்றொன்றைக் கொண்டே மேலெழும்ப வேண்டுமென்று விதி இருப்பதால், இரண்டும் ஓடும்போது அவ்விமானத்தில் தேவைக்கு மிஞ்சிய சக்தி ஏராளமாக இருக்கிறது. நான்கு எஞ்சின் விமானத்துக்கு அவ்வளவு மிச்சம் வைக்கவேண்டிய அவசியமில்லை. ஏ340 என்ற விமானம் நிதானமாக, மிக நிதானமாக மேலேறியதற்குக் காரணம் அதுவே. விமானி விரும்புவது அந்த மிச்சத்தை. பெரும்பாலான நாட்களில் உபயோகப்படாமலே கிடக்கும் பலம் அது; ஆனாலும் அது இருக்கிறது என்ற அறிவே அவனுடைய கைக்கு நிதானத்தைக் கொடுக்கிறது.

கையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு பேதத்தையும் சொல்லவேண்டும். போயிங் விமானங்களில் விமானியின் முன்னே பெரிய கைப்பிடிச் சக்கரம் நிற்கிறது. இருவருடைய சக்கரங்களும் இணைந்திருப்பதால் ஒருவர் அசைப்பதை மற்றவர் கண்ணாலும் கையாலும் உணர்கிறார். ஏர்பஸ் விமானங்களில் பக்கவாட்டில் ஒரு சிறு தடிதான். முன்னால் காலியான இடத்தில் இழுத்து நீட்டிக்கொள்ளும் மேஜை. பதினைந்து மணி நேரம் பறக்கிறவனுக்கு, மடியில் தட்டை வைத்துக்கொள்ளாமல் மேஜையில் வைத்துச் சாப்பிடுவது அற்ப விஷயமன்று. எது சிறந்தது என்ற வாதம் அவர்களுக்குள் ஓய்வதாகத் தெரியவில்லை. திருச்சி நிலையத்தில் ஒரே மாலையில் இவ்விரு ஜாதி விமானங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் காணலாம்.

மிச்ச பலம் என்று நான் கூறியதன் பொருளை இந்த நகரமே ஒரு நாள் மாலையில் கண்ணாரக் கண்டது. 2024 அக்டோபர் 11-ஆம் தேதி, 141 பேரை ஏற்றிக்கொண்டு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய போயிங் 737 விமானத்தில், எழும்பிய சிறிது நேரத்தில் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு நேர்ந்தது. வயிறு நிறைய எண்ணெயோடு உடனே இறங்கினால் எடை அதிகம். பெரிய நெடுந்தூர விமானங்கள் பலவற்றில் எண்ணெயை ஆகாயத்திலேயே கொட்டிவிட வழியுண்டு, இந்தச் சிறு விமானத்தில் அதற்கு வழியில்லை. எரித்துத்தான் தீர்க்கவேண்டும். ஆகவே, சுமார் இரண்டரை மணி நேரம் அந்த விமானம் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்து வானத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையில் நின்றன; தொலைக்காட்சியின் முன்னே தமிழ்நாடு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரவு எட்டேகால் மணியளவில் சக்கரங்கள் தரையைத் தொட்டன, ஒருவருக்கும் காயமில்லை. அன்று அந்த விமானிகளுக்கு உதவியவை பளபளப்பான சாதனங்கள் அல்ல: ஒன்று பழுதானால் மற்றொன்று என்று அடுக்கிவைத்த அமைப்பு, அவசரப்படாத பயிற்சி, போதிய எண்ணெய், போதிய நேரம். ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் சற்றுத் தாராளமாக இருந்திருக்கலாம், அது ஓடுபாதை.

திருச்சியின் ஓடுபாதை 8,136 அடி நீளம். சென்னையின் பிரதான ஓடுபாதை ஏறத்தாழ 12,000 அடி. டக்கோட்டா பன்னிரண்டு டன் எடையோடு எழும்பியது. கான்ஸ்டலேஷன் நாற்பத்தாறு டன். இன்றைய 737 எழுபத்தொன்பது டன். ஆனால் 787-9 என்ற விமானமோ 254 டன், நெடுந்தூரம் செல்லும் 777-300இஆர் விமானம் 351 டன் வரை எடையோடு எழும்பவேண்டியது. அதற்கு மேல் நம்முடைய வெயிலையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரி காயும்போது காற்று லேசாகிவிடுகிறது. லேசான காற்றில் இறக்கைக்குத் தூக்கும் சக்தி குறைகிறது, எஞ்சினுக்கும் பலம் குறைகிறது. ஆகவே அதே விமானம் அதே சுமையோடு எழும்ப அதிக தூரம் ஓடவேண்டும். அந்தத் தூரம் இல்லாத ஊரில் விமானி எண்ணெயைக் குறைக்கவேண்டும், அல்லது பெட்டிகளையும் பிரயாணிகளையும் குறைக்கவேண்டும். எண்ணெய் குறைந்தால் லண்டனுக்கோ மெல்போர்னுக்கோ நேரே போகமுடியாது. நம்முடைய ஊர்ப் பாட்டி பேரனைப் பார்க்க நள்ளிரவில் அந்நிய விமான நிலையத்தில் மொழி தெரியாமல் விமானம் மாறி அலைவதற்கு ஒரு காரணம் இந்த அடிக்கணக்குத்தான். குன்னூர்க் காற்றும், மௌனமும், மிச்ச பலமும் உள்ள அந்தப் பெரிய விமானங்கள் நமக்காகவும் கட்டப்பட்டவையே. அவை வந்து நிற்கத்தான் நம்மிடம் நீளமான தரையில்லை.

12,500 அடியாக ஓடுபாதையை நீட்டும் திட்டம் பல வருஷங்களாகப் பேசப்பட்டு வருகிறது. நிலம் எடுப்பதில் தாமதம் நேர்ந்துகொண்டே இருக்கிறது. நிலத்தைக் கொடுக்கிற குடும்பங்கள் பெரும்பாலும் பணம் படைத்தவை அல்ல; அவர்களுக்கு நியாயமான விலையும் மாற்று வசதியும் முதலில் கையில் சேரவேண்டும், அதற்குப் பின்பே அளவுக்கல் நடவேண்டும். கோபுரம் போல அழகிய முனையம் கட்டிய சர்க்கார், அதன் எதிரே கிடக்கும் பாதையையும் இந்த ஜில்லாவின் தேவைக்குத் தக்கவாறு நீட்டித் தரவேண்டும் என்று திருச்சிராப்பள்ளி ஜனங்கள் ஒரே குரலில், கட்சி பேதமின்றி, இடைவிடாமல் கேட்கவேண்டும்.